சில்லு சுழன்றால் அது வைரமில்லை

கேள்வி: வண்ணக் கண்ணாடியில் யன்னலில் தொங்கவிடும் அலங்காரங்கள் செய்யப் பழகுகிறேன். புறக்கோட்டையில் ‘வைரக் கட்டர்’ என்று சொல்லித் தந்ததை வாங்கினேன். நேர்கோடு பரவாயில்லை. இலை, இதழ் என்று வளைவு வந்தால் கண்ணாடி தன்பாட்டுக்கு உடைகிறது. கிரைண்டர் வாங்கினால் சரிவரும் என்கிறார் கடைக்காரர். வாங்கவா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கிரைண்டர் ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீற்றரைத் தேய்த்துத் தரும். கீறிய கோட்டிலிருந்து விலகி உள்ளே ஓடிய உடைவுக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கட்டரின் நுனியைப் பாருங்கள். சின்னச் சில்லு ஒன்று சுழல்கிறதா? அப்படியென்றால் அது வைரமில்லை. வைரக் கட்டரில் கல் அசையாமல் பதிந்திருக்கும். ஆனால் உங்கள் வேலைக்குச் சில்லுதான் தோது. அது உருக்கா, அதைவிடக் கடினமான டங்ஸ்டன் காபைட்டா என்பதைத்தான் கேட்க வேண்டும். உருக்கு சீக்கிரம் மழுங்கும். அடுத்தமுறை வாங்கும்போது, காசு கொடுக்கமுன் கழிவுத் துண்டொன்றில் கீறிக் காட்டச் சொல்லுங்கள். கீறல் ஒரே அளவு இடைவெளியில் விட்டுவிட்டு விழுந்தால் சில்லில் பழுது.

கட்டர் என்பது பேருக்குத்தான். அது கீறும், அவ்வளவே. பிளப்பது உங்கள் கை. சில்லில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் தொட்டு, விளிம்பிலிருந்து விளிம்புவரை நிறுத்தாமல் கீறுங்கள். ‘கிர்ர்’ என்ற சத்தம் ஒரே சீராக வர வேண்டும். வெள்ளைத் தூள் பறந்தால் அழுத்தம் கூடிவிட்டது. கீறிய கோட்டின்மேல் திரும்ப ஓட்டாதீர்கள், சில்லுக்கும் கேடு, கோட்டுக்கும் கேடு. நானும் அப்படித்தான் முதல் கட்டரை நாசமாக்கினேன். ஒரு பக்கம் சொரசொரப்பான கண்ணாடி என்றால் வழுவழுப்பான பக்கத்தில்தான் கீற வேண்டும்.

இதழின் உள்வளைவை ஒரே கீறலில் எடுக்கப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி நேராக ஓடத்தான் பார்க்கும். வளைவுக்கு வெளியே, கழிவாகும் பகுதியில், இரண்டு மூன்று ஆழமில்லாத பிறைகளாகக் கீறி, ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு உள்ளே போங்கள்.

கிரைண்டர் காசில் சிறு பங்கை இரண்டு குறடுகளுக்குச் செலவழியுங்கள்: கீறலை ஓடவிட்டுப் பிளக்கும் குறடு ஒன்று, ஓரத்தைக் கொத்திச் சீராக்கும் குறடு ஒன்று. மிச்சச் சொரசொரப்புக்குத் தண்ணீர் தொட்ட சாணைக்கல் போதும். கண்ணுக்குக் கவசம் கட்டாயம்.

பழக, யன்னல் கண்ணாடி விற்கும் கடைகளில் 3 மில்லிமீற்றர் கழிவுத் துண்டுகள் கேளுங்கள். பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் கார்க் கதவுக் கண்ணாடி மலிவென்று எடுக்காதீர்கள். அது பதப்படுத்தியது, கீறிப் பிளக்கப் போனால் முழுதும் பொடியாகும்.

பின்னாளில் கிரைண்டர் வாங்கினால் 230 வோல்ட்டா என்று பாருங்கள். இணையத்தில் 110 வோல்ட்டும் விற்கிறார்கள்.

வைரம் என்று சொல்லி விற்றதற்கு, பற்றுச்சீட்டோடு முதலில் கடைக்குப் போங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கி மூன்று மாதத்துக்குள், எழுத்தில் முறையிடலாம். விவரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.