விடிய விடியத் தெருக்கூத்து பார்க்க அதில் என்ன இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர் வேலூர் பக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில் ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கிறது. ஒரே சத்தமாக இருக்கிறது. இதில் ரசிக்க என்ன இருக்கிறது? இரண்டு மணி நேரத்தில் முடித்தால் நாலு பேராவது பார்ப்பார்களே?

பதில்:

நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறீர்கள், லீவு போட்டுத் திருவிழாவுக்கு வந்தீர்கள், பத்தரை மணிக்குப் போய் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குள் மேளக்கட்டு என்கிற தொடக்க வாத்தியம், விநாயகர் துதி, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து ஊராரை விசாரிப்பது, இவ்வளவுதான் முடிந்திருக்கும். கூத்து இன்னும் தொடங்கியே இருக்காது.

என் தாய்மாமா கட்டை வேஷக்காரர். அதனால்தான் பரிந்து பேசுகிறேன் என்றால், ஆமாம், அதனாலும்தான். கட்டை என்றால் மர அணிகள்: கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம் எல்லாம் லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டியவை. அதைக் கட்டிக்கொண்டு இரவு முழுக்கக் கிறுக்கி அடிப்பதோடு, அதாவது சுழன்று ஆடுவதோடு, தன் பாட்டைத் தானே பாடவும் வேண்டும். முகவீணை என்கிற சின்னக் குழல் போகிற உச்ச சுருதிக்கு மைக் இல்லாத காலத்திலேயே பாடியவர்கள் இவர்கள். உங்களுக்குச் சத்தமாகக் கேட்டது அந்தச் சுருதி.

எங்கள் பக்கம் பெரியவர்கள் இறந்தால் காரியத்தன்று இரவு, கர்ணன் சாகிற கதையான கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள். தாத்தா காரியத்துக்கும் வைத்தோம். பகலில் மொட்டையடித்துக் கர்மம் செய்த மாமாவே ராத்திரி கர்ணன் வேஷம் கட்டினார். கூடாது என்று உறவில் சிலர் முணுமுணுத்தார்கள். ஜமா வாத்தியார், அதாவது கூத்துக் குழுவின் ஆசிரியர், ஒன்றும் பேசாமல் அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கொடுத்தார். மொட்டைத்தலையில் கிரீடம் நிற்க வேண்டுமென்று வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகத் துணி சுற்றினார்கள்.

நடுச்சாமத்துக்கு மேல் பொன்னுருவி கட்டம். பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் மனைவியிடம் விடைபெற வருகிறான் கர்ணன். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்ற இளக்காரத்தில் அவள் முகம் கொடுப்பதில்லை. உன் தாய் யார், தகப்பன் யார் என்று கேட்கிறாள். அவன் ஓரடி பாட, பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்க, முகவீணை இழுத்துக்கொண்டு போக, அவள் எதிரடி பாடுவாள். இந்தத் தர்க்கம் மணிக்கணக்கில் போகும். தொடக்கத்தில் பொன்னுருவி பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த, பாயில் உட்கார்ந்திருந்த கூட்டம், முடிவதற்குள் ஒவ்வொருவராகக் கர்ணன் பக்கம் வந்துவிட்டது. தகப்பன் யார் என்ற அடிக்கு மாமா பதில் பாடியபோது என் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். இதைப் பத்து நிமிஷமாகச் சுருக்கினால் கதை மட்டும் தெரியும். மனசு மாற நேரம் வேண்டாமா?

சுருக்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரி விழாவுக்கு மாமா ஜமாவைக் கூப்பிட்டார்கள். முழு வேஷத்தில் வாசலில் நிற்கவைத்து, சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கும்போது ஆடச் சொன்னார்கள். மேடையில் பத்து நிமிஷம். வேஷம் போட்டுக்கொள்ள ஜெனரேட்டர் பின்னால் இடம். அப்புறம் பாரம்பரியத்தைக் காப்போம் என்று பேனர்! கர்ணன் சாப்பாட்டுக்கு டோக்கன் கேட்டு நின்றதை நான் மறக்க மாட்டேன்.

கட்டியங்காரன் பேச்சில் கொச்சை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் ஊரில் நாட்டாமை பண்ணுகிறவரை அவர் முகத்துக்கு நேராகக் கேலி செய்கிற உரிமையும் அவனுக்குத்தான் இருக்கிறது. பெண்களை ஆட விடுவதில்லையே என்பதும் நியாயமான கேள்விதான். காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்துச் சங்கத்தில் பெண்பிள்ளைகளும் கற்றுக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். செய்யாறு பக்கம் புரிசையில் கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரானிடம், சென்னையின் நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறைக்காரர்களே வந்து கற்றுப்போனார்கள். புரிசை வேலூர் இல்லை, திருவண்ணாமலை மாவட்டம் என்று திருத்த வருபவர்களுக்கு: 1989 வரை எல்லாமே வட ஆற்காடு மாவட்டம்தான்.

இன்னொன்றும் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலூர் என்றதும் "தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில்" என்று ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி ஒன்று சேர்ப்பார்கள், அதை எழுத மாட்டேன். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரருக்குச் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்தது 1981-ல். இன்னமும் சாமி இல்லையாம்! கல்யாண மண்டபத்து யாளித் தூண்களையும், விதானத்தில் தலைகீழாகத் தொங்கும் கல் கிளிகளையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்திருந்தால் வாய் வருமா? வெளியூர்க்காரன் சொன்னால்கூடப் பரவாயில்லை, நம் ஆட்களே சொல்லிச் சிரிப்பதுதான் எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். திருவிழா நோட்டீஸில் எந்த ராத்திரி எந்தக் கூத்து என்று போட்டிருக்கும். திரௌபதி துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், இதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தபசு என்றால் மரத்தடிக்குக் கிட்டே போங்கள். அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் போடும்போது, பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். மற்ற நாள்களில் ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம், மேளக்காரர்களுக்குப் பக்கவாட்டில் பாய் போடுங்கள். சாயங்காலமே தூங்கி எழுந்து, பன்னிரண்டு மணிக்கு வந்தால் போதும். பாட்டின் அடி புரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் கிழவியைக் கேளுங்கள், முன்கதையோடு சொல்வாள். பிடித்திருந்தால் தட்டில் பணம் போடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி அறிவிப்பார்கள், கூச்சப்பட வேண்டாம். அந்தப் பணம் ஆடுகிறவர் கைக்குத்தான் போகிறது.