4,200 வெள்ளிக்கு உயர் நீதிமன்றமா?

அண்ணே, வீட்டுக்குக் கிரில் போட 4,200 வெள்ளி முன்பணம் வாங்கியவர் போனை எடுப்பதில்லை, நேராக ஈப்போ உயர் நீதிமன்றம் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். பண வழக்கென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட் 1 லட்சம் வெள்ளி வரை விசாரிக்கும், செஷன்ஸ் கோர்ட் 10 லட்சம் வரை. அதற்கும் மேலே போனால்தான் உயர் நீதிமன்றம். உங்களுடையது 5,000 வெள்ளிக்குள் அடங்கும் சிறு வழக்கு. சுங்கை சிப்புட் பக்கத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாரம் 198 என்ற சிறு வழக்குப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். வக்கீல் வேண்டாம், நீங்கள் வைக்கவும் முடியாது.

ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அவருடைய இப்போதைய முகவரி. தோட்டத்துப் பழைய லயன் வீட்டு நம்பரை எழுதினால் சம்மன் யார் கைக்குப் போகும்? சம்மன் கிடைத்தும் அவர் வராவிட்டால் உங்கள் பக்கம் தீர்ப்பாகலாம்.