கோப்ரா கிட்: ஸ்கூப் இல்லாவிட்டால் போலியா?

நண்பரே, 427 கோப்ரா கிட்டில் (1960களின் ஷெல்பி கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரைப் போல நாமே பூட்டிக்கொள்ளும் கார்; 427 என்பது என்ஜின் அளவு, கன அங்குலத்தில்) பானட் ஸ்கூப் (பானட்டின் மேல் புடைத்த காற்றுத் திறப்பு), பக்கவாட்டுப் புகைக்குழாய், ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பி) எதுவும் வேண்டாம், குரோம் பம்பரும் கம்பிச் சக்கரமும் போதும் என்கிறீர்கள். "அது கோப்ராவே இல்லை" என்று மற்றவர்கள் சொல்வதால் தயங்குகிறீர்கள். தயங்கவே வேண்டாம். அவர்கள் மனதில் இருப்பது 427-இன் எஸ்/சி (செமி காம்படிஷன், அதாவது அரைப் பந்தய) வகை. பந்தயத்துக்காகச் செய்து, விற்காமல் மிஞ்சியவற்றைச் சாலைக்கு ஏற்றபடி மாற்றி விற்றார்கள். 1960களில் சாலைக்கென்றே வந்த 427-இல் பொதுவாக ஸ்கூப் கிடையாது, புகைக்குழாய் அடியில்தான் போகும், பம்பரும் உண்டு. உங்கள் ரசனைதான் அசலுக்கு நெருக்கம்! இறங்கும்போது சூடான குழாய் காலைச் சுடும் தொல்லையும் இல்லை.

கம்பிச் சக்கரத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அது 427-க்கு முந்தைய, சிறிய என்ஜின் கொண்ட 289 கோப்ராவின் ஒல்லியான உடலுக்கு அழகு. 427-இன் புடைத்த பின் மட்கார்டுக்குள் அது ஒடுங்கித் தெரியும். ஆசை விடவில்லையென்றால், உடலை இன்னும் வாங்காத நிலையில் 289-க்கே மாறிவிடுங்கள்.

அப்புறம், ஸ்கூப் துளை வெட்டாத பானட்டாகக் கேட்டு வாங்குங்கள். ஃபைபரில் அடைத்த துளை பின்னாளில் பெயின்ட்டில் தெரியக்கூடும். ஏர் கிளீனர் பானட்டில் இடிக்கிறதா என்பதையும் பெயின்ட் அடிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.