ஆயாவுக்கு ஏன் சர்க்கரையில் சிலை?

கேள்வி: நியூயார்க்கில் சர்க்கரையைக் கொட்டிச் செய்த ஒரு சிலையைப் பெரிய கலை என்று எழுதியிருந்தீர்கள். கல்லும் வெண்கலமும் இருக்கும்போது, தின்கிற பொருளை இப்படி வீணாக்குவது பரபரப்புக்குத்தானே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கல்லில் செய்யவும் ஆள் இருந்தார்கள். 1923இல் அமெரிக்க செனட் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அடிமைக் காலத்தில் வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கறுப்பின ஆயாக்களின் 'விசுவாசத்துக்கு' வாஷிங்டனில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டுமாம். கறுப்பினப் பெண்கள் கொதித்துப்போனார்கள். மசோதா கீழவையைத் தாண்டவில்லை. எஜமானரின் குழந்தைக்குப் பால் கொடுத்தவளின் சொந்தக் குழந்தை எங்கே போனது என்று அந்தக் கல் கேட்டிருக்கவே கேட்டிருக்காது.

2014இல் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் காரா வாக்கர் எடுத்துக்கொண்டது அதே ஆயாவைத்தான். நீங்கள் கேட்கும் சிலை அவர் செய்ததுதான். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மூடிக்கிடந்த டோமினோ சர்க்கரை ஆலைக்குள், தலையில் துணி கட்டிய அந்த முகத்தை மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட எகிப்திய ஸ்ஃபிங்ஸின் தோரணையில் அமர்த்தினார். நீளம் 75 அடி, உயரம் 35 அடி. உள்ளே தெர்மாகோல் கட்டிகள், மேலே டன் கணக்கில் வெள்ளைச் சர்க்கரை. கரீபியத் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பு பழுப்புச் சர்க்கரையாகக் கப்பலேறி, இதுபோன்ற ஆலைகளில்தான் வெள்ளையாக மாறியது. கறுப்புப் பெண்ணை அந்த வெள்ளையிலேயே செய்துவைத்தால் வேறு விளக்கம் எதற்கு? நமக்கும் இது அந்நியக் கதை இல்லை. 1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய நம் ஆட்கள் போனதும் கரும்புத் தோட்டத்துக்குத்தான்.

சரி, வீண் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். அவளைச் சுற்றிக் கூடை சுமக்கும் சிறுவர்கள் நின்றார்கள். சிலர் பிசினில் செய்து கரும்புப் பாகு பூசியவர்கள். சிலர் முழுக்கச் சர்க்கரையைக் காய்ச்சி வார்த்தவர்கள். கோடை வெயிலில் இந்தச் சர்க்கரைப் பையன்கள் இளகி, கை தனியாகக் கால் தனியாக விழுந்தார்கள். வாக்கர் அந்தத் துண்டுகளைத் தூக்கி எறியவில்லை. இன்னும் நின்றுகொண்டிருந்த பையன்களின் கூடைகளில் போட்டுவைத்தார். கரும்பு பிழியும் உருளையில் அடிமையின் கை சிக்கிக்கொண்டால், உடனே வெட்டி எடுப்பதற்குப் பக்கத்திலேயே கத்தி வைத்திருந்த தோட்டங்கள் உண்டு. அந்தக் கூடையில் கிடந்தது அந்தக் கைதான். வெண்கலத்தில் வார்த்திருந்தால் அது விழுந்தே இருக்காது.