பெட்டியில் எழுதிய ‘இரைச்சல் நீக்கம்’ யாருக்கு?

கேள்வி: செங்கல்பட்டிலிருந்து நுங்கம்பாக்கத்துக்குத் தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறேன். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். குரூப் 2 தேர்வுக்கான பாடங்களை அந்த நேரத்தில்தான் போனில் கேட்கிறேன். என் பிறந்தநாளுக்குத் தம்பி 1,299 ரூபாயில் ஓர் இயர்பட்ஸ் வாங்கித் தந்தான். பெட்டியில் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. ஆனால் ரயில் சத்தம் அப்படியேதான் கேட்கிறது. வால்யூமை முழுவதும் ஏற்றினால்தான் ஆசிரியர் பேசுவது புரிகிறது. மாலையில் காது வலிக்கிறது. 3,000 ரூபாய்க்குள் உருப்படியான ஒன்று கிடைக்குமா? டெசிபல் எண் அதிகமாக இருந்தால் நல்லதா?

பதில்: உங்கள் தம்பியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெட்டியை எடுத்து, பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். ‘இஎன்சி’ என்று இருக்கும் என்பது என் ஊகம். இதே குழப்பத்தோடு வருகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

இஎன்சி (என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன்) என்பது மைக்குக்கான வசதி. நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சந்தடியைக் குறைத்து, உங்கள் குரலை மட்டும் எதிர்முனைக்கு அனுப்பும். அதனால் நன்மை அடைகிறவர் உங்களோடு பேசுகிறவர். உங்கள் காதில் விழும் ரயில் சத்தத்தில் அது கை வைக்காது. உங்களுக்கு வேண்டியது ‘ஏஎன்சி’, அதாவது ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன். முதல் எழுத்து ஒன்றுதான் வேறு, ஆனால் இரண்டும் செய்யும் வேலைக்குச் சம்பந்தமே இல்லை. விற்பவர்கள் இரண்டையும் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது, நேர்மை என்றும் சொல்ல முடியாது. வாங்கும் முன் விவரப் பட்டியலில் ‘ஆக்டிவ்’ என்ற சொல்லைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால், வேறு எது எழுதியிருந்தாலும் அடுத்த பெட்டிக்குப் போய்விடுங்கள்.

ஏஎன்சி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். இயர்பட்ஸில் உள்ள மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கிறது. அதன் அலை மேலே போகும்போது கீழே போகும்படி ஓர் எதிர் அலையை உள்ளே இருக்கும் சிப் உருவாக்கி ஸ்பீக்கர் வழியாக விடுகிறது. இரண்டும் காதுக்குள் சந்தித்து ஒன்றையொன்று அடக்கிக்கொள்கின்றன. யோசனை பழையது, 1930-களிலேயே பால் லூக் என்ற ஜெர்மானியர் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதைக் காதில் மாட்டும் கருவியாக்கும் எண்ணம் போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தின் நிறுவனர் அமர் போஸுக்கு வந்தது 1978-இல், சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்தபோது. வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்ற சுதந்திரப் போராட்ட வீரர் ஒருவரின் மகன் அவர். விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க முடியவில்லை என்ற எரிச்சலில், இருக்கையிலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவர 1989 ஆகிவிட்டது.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வித்தை காதுக்கு வந்ததே விமான இன்ஜினின் ‘ஹும்ம்ம்’ என்ற இரைச்சலுக்காக. மாறாமல் ஒரே சீராக, அடித்தொண்டையில் வரும் சத்தம்தான் இதற்கு வாகான இரை. நூறு ஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது நொடிக்கு நூறு முறை அதிரும் ஒலியின், ஓர் அலை மூன்று மீட்டருக்கு மேல் நீளும். எதிர் அலையைத் தயாரிக்க அவகாசம் இருக்கிறது. மூவாயிரம் ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ சாண் நீளம்கூட வராது. இம்மி பிசகினால் எதிர் அலை தப்பான நேரத்தில் போய்ச் சேரும். அதனால் ஏறக்குறைய ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே ஏஎன்சியின் கை ஓங்குவதில்லை. வீட்டில் சொல்வதென்றால், ஏசி, மின்விசிறி, மாவு அரைக்கும் கிரைண்டர் ஆகியவற்றின் ஓசை நன்றாக அடங்கும். குக்கர் விசில் அடங்காது. குழந்தை அழுவது அடங்காது. அடுத்த இருக்கைக்காரர் போனில் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிப் பேசுவதும் பெருமளவு கேட்கத்தான் செய்யும். ரயிலில் சக்கரமும் மோட்டாரும் எழுப்பும் உறுமல் குறையும். ஹாரனும் கடலை விற்பவர் குரலும் குறையாது.

அப்படியானால் உயர்ந்த சுருதியில் வரும் சத்தங்களை யார் தடுப்பது? முனையில் இருக்கும் சிலிகான் ரப்பர்தான். நான் இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் ரப்பரைப் பற்றித்தான் சொல்வேன். காதுத் துளையை அது காற்றுப் புகாமல் அடைத்தால்தான் உயர்ந்த சுருதிச் சத்தங்கள் வெளியே நிற்கும். அதோடு, ஏஎன்சி உருவாக்கும் எதிர் அலையும் கசியாமல் காதுக்குள் தங்கும். கசிந்தால் 10,000 ரூபாய்க் கருவியும் 1,000 ரூபாய்க் கருவியாகிவிடும். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் வைத்திருப்பார்கள். பெரும்பாலோர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவைக் கழற்றிப் பார்ப்பதே இல்லை.

சோதிக்க எளிய வழி ஒன்று: தவில் வாசிப்பு உள்ள ஏதாவது ஒரு பதிவைப் போடுங்கள். கேட்டுக்கொண்டே இயர்பட்ஸை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். தொப்பிப் பக்கத்து அடி சட்டென்று கனத்துக் கேட்டால், அதுவரை காற்று கசிந்துகொண்டிருந்தது என்று பொருள். அடுத்த அளவுக்கு மாற்றுங்கள். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி கேட்டால் அளவு சரி. இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு இன்னோர் அளவும் தேவைப்படுவது சகஜம்தான், எனக்கே அப்படித்தான். மாட்டும்போது மறு கையால் காதின் மேல்பகுதியைப் பின்னுக்கு மேலாக இழுத்துப் பிடித்தால் துளை நேராகி, ரப்பர் ஒழுங்காக உட்காரும். ரப்பரே இல்லாமல் காதில் சும்மா தொங்கும் வகையிலும் ஏஎன்சி என்று போட்டு விற்கிறார்கள். ரயிலுக்கு அது வேண்டாம்.

இனி உங்கள் டெசிபல் கேள்வி. டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு; எவ்வளவு சத்தம் குறையும் என்பதைத்தான் பெட்டியில் அந்த எண்ணாகப் போடுகிறார்கள். பத்து டெசிபல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியானது போலத் தோன்றும். அந்தக் கணக்கில் பெட்டியில் 42 டெசிபல் என்று இருந்தால் மயான அமைதி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த எண் ஆய்வகத்தில், கருவி மிக நன்றாக வேலை செய்யும் ஏதோ ஓர் அதிர்வெண்ணில் கிடைத்த உச்சம். முழு ரயில் சத்தத்திலும் அவ்வளவு குறையும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு நிறுவனம் அளந்த விதத்தில்தான் அடுத்த நிறுவனமும் அளந்திருக்கும் என்று நம்பவும் முடியாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களை ஒப்பிட அந்த எண் ஓரளவு உதவும். வேறு வேறு நிறுவனங்களுக்கு இடையே 42-க்கும் 46-க்கும் நடக்கும் போட்டியைப் பொருட்படுத்தாதீர்கள்.

அதைவிடப் பயனுள்ள சொல் ‘ஹைப்ரிட்’. மலிவான ஏஎன்சியில் மைக் வெளிப்பக்கம் மட்டும் இருக்கும். ஹைப்ரிட் வகையில் காதை நோக்கி உள்ளேயும் ஒரு மைக் இருக்கும். அடக்கியது போக மிஞ்சியது எவ்வளவு என்று அது கேட்டுத் திருத்திக்கொண்டே இருக்கும். ரப்பர் சற்று இளகினாலும் ஓரளவு ஈடுகட்டும்.

3,000 ரூபாய்க்குள் இவையெல்லாம் கிடைக்குமா என்றால், கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன். நத்திங் நிறுவனத்தின் சிஎம்எஃப் பட்ஸ் 2024-இல் 2,499 ரூபாய்க்கு 42 டெசிபல் என்ற அறிவிப்போடு வந்தது. அதே ஆண்டு ஒன்பிளஸ் நார்ட் பட்ஸ் 3, 2,299 ரூபாய்க்கு 32 டெசிபலோடு வந்தது. ரெட்மி பட்ஸ் 5 இந்த வரம்பின் உச்சியில் 2,999-க்கு 46 டெசிபல் என்றது. இவை அறிமுக விலைகள். புது மாடல் வந்ததும் பழையதன் விலை இறங்கும், பண்டிகைக்காலத் தள்ளுபடியில் இன்னும் இறங்கும். போன வருடத்து மாடலை வாங்குவதில் எந்த நஷ்டமும் இல்லை. 1,500-க்குக் கீழேயும் ஏஎன்சி கிடைக்கிறது. தினமும் மூன்று மணி நேரம் ரயிலில் கழிக்கிறவருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எல்டாக் போன்ற உயர்தர ஒலி வசதிக்குக் கூடுதல் பணம் தராதீர்கள். பாடம் நடத்தும் ஆசிரியரின் குரலுக்கு அதனால் ஒன்றும் கூடப்போவதில்லை, பாட்டரிதான் சீக்கிரம் தீரும். ப்ளூடூத் 5.3-ஆ 5.4-ஆ என்பதும், ‘கேமிங் மோட்’ என்பதும் உங்களுக்குத் தேவையற்ற கவலைகள். பாட்டரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: ‘50 மணி நேரம்’ என்பது டப்பாவில் உள்ள சார்ஜையும் சேர்த்து, ஏஎன்சியை நிறுத்திவைத்து, பாதி வால்யூமில் போட்ட கணக்கு. ஏஎன்சியோடு ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். ஐந்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு ஆண்டுகளில் அது தேய்ந்து மூன்றரையானாலும் உங்கள் ஒரு வழிப் பயணத்துக்குப் போதும். இந்தக் குட்டி பாட்டரிகளை மாற்ற முடியாது என்பதால் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

மின்சார ரயிலுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. விமானத்துக்காகப் பிறந்த கருவிக்குத் திறந்த ஜன்னல் தெரியாது. ஜன்னலோரத்தில் அல்லது வாசல் பக்கத்தில் நின்றால் காற்று நேராக வெளி மைக்கில் அடிக்கும். அந்த மோதலையே சத்தம் என்று நினைத்துச் சிப் எதிர் அலை அனுப்பும். காதில் ‘படபட’வென்று புது இரைச்சல் கேட்கும். கருவி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இரண்டு இருக்கை உள்ளே தள்ளி உட்காருங்கள், அல்லது செயலியில் காற்றிரைச்சலைக் குறைக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்தச் சில நிமிடம் ஏஎன்சியை நிறுத்திவிடுங்கள். ரப்பர் மட்டும் தன் வேலையைச் செய்யும்.

இறங்கும் நேரத்திலும், தண்டவாளத்தையோ சாலையையோ கடக்கும்போதும் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் ‘டிரான்ஸ்பேரன்ஸி’ முறைக்கு மாற்றுவது போதாது. கழற்றிவிடுங்கள்.

நெரிசலில் நின்று பயணிக்கிறவர் என்றால் கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் வகையையும் யோசித்துப் பாருங்கள். அதிலும் ஏஎன்சி உள்ளவை இருக்கின்றன. பாட்டரி பெரியது, விலையும் குறைவு. இயர்பட்ஸ் அப்படியில்லை. தாம்பரத்தில் கூட்டம் முண்டியடிக்கும்போது ஒரு பக்கம் நழுவி, ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையே விழுந்தால் விழுந்ததுதான். ஒற்றைக் காதுக்கு மட்டும் தனியாக வாங்குவது பெரும்பாட்டு வேலை. நாகரிகம் போய்விட்டது என்று நெக்பேண்டை இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதன் மீது மரியாதை இன்னும் குறையவில்லை.

வியர்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீர் தாங்கும் தரக்குறியீடு ஐபிஎக்ஸ்4 அல்லது அதற்கு மேல் இருந்தால் தெறிக்கும் நீரையும் வியர்வையையும் தாங்கும். ஆனால் அந்தத் தாங்கும் தன்மை இயர்பட்ஸுக்குத்தான், டப்பாவுக்குப் பெரும்பாலும் இல்லை. ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். என்னுடைய பழைய இயர்பட்ஸில் இடது பக்கம் ஒரு மே மாதம் முழுவதும் சார்ஜ் ஏறாமல் படுத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் ‘புதிது வாங்குங்கள்’ என்றார்கள். பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். பிறகு ஒன்றரை வருடம் உழைத்தது. காது அழுக்கு வலைத்துளையை அடைத்தாலும் உள் மைக்குக் கேட்காது, ஏஎன்சி மந்தமாகிவிடும். வாரம் ஒரு முறை ரப்பரைக் கழற்றி, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்; ஊசி வேண்டாம்.

உங்கள் காது வலிக்கு வருகிறேன். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 90 டெசிபல் ஆனால் அந்த 40 மணி நேரம் நான்காகச் சுருங்கிவிடுகிறது. நீங்கள் ரயிலில் மட்டுமே வாரம் 15 மணி நேரத்துக்கு மேல் கேட்கிறீர்கள். வெளியே ரயில் உறுமும்போது அதை மீறக் கேட்க வேண்டி வால்யூமை ஏற்றுகிறோம். உறுமல் அடங்கினால் பாதி வால்யூமிலேயே பாடம் புரியும். உங்களுக்கு ஏஎன்சி ஆடம்பரம் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். கேட்காமல் இருக்கும் நாட்களிலும் வலியோ காதில் ரீங்காரமோ தொடர்ந்தால், புது இயர்பட்ஸுக்கு முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சிலருக்கு ஏஎன்சியைப் போட்டதும் மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைப்பது போல இருக்கும். ஏஎன்சியின் அளவைக் குறைத்துவைத்துச் சில நாள் பழகிப் பாருங்கள்.

எனவே ஒன்று செய்யுங்கள். முதலில் இப்போது இருக்கும் இயர்பட்ஸில் பெரிய ரப்பரை மாட்டி, இரண்டு நாள் ரயிலில் போய் வாருங்கள். கசிவு இருந்திருந்தால் அதிலேயே கணிசமான வித்தியாசம் தெரியும். போதவில்லை என்றால், ஹைப்ரிட் ஏஎன்சி உள்ள ஒன்றை 2,500 ரூபாய் அளவில் வாங்குங்கள். முடிந்தால் கடையில் காதில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவையுங்கள். இயர்போன்களைப் பல தளங்கள் மாற்றித்தான் தரும், பணத்தைத் திருப்பாது. தம்பி தந்ததை வீட்டில் போன் பேச வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் தெளிவாகக் கேட்கும்.