தலைச்சேரி வளர்கிறது, கன்னி வளரவில்லையா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் கொட்டில் போட்டிருக்கிறேன். என் இரண்டு கன்னி இன ஆடுகள் ஆளுக்கு இரண்டு குட்டி போட்டன. இரண்டு கிடா, இரண்டு பெட்டை. அவற்றுக்கு மூன்று மாதம் ஆனபோது சந்தையில் மூன்று மாதக் குட்டி என்று சொல்லி 4 தலைச்சேரி இனக் கிடாக்கள் வாங்கினேன். அன்று எடை போட்டதில் கன்னி சராசரி 6.5 கிலோ, தலைச்சேரி 11 கிலோ. நான்கு மாதம் கழித்து இப்போது கன்னி 13, தலைச்சேரி 19. கன்னியை விற்றுவிட்டு முழுக்கத் தலைச்சேரிக்கு மாறலாமா?

பதில்: விற்காதீர்கள். நீங்கள் வாங்கிய அன்றே எடை போட்டு எழுதி வைத்தது பெரிய காரியம். பலர் அதைச் செய்வதில்லை. பதில் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இன்று இரண்டுக்கும் வித்தியாசம் 6 கிலோ. வாங்கிய அன்றே 4.5 கிலோ இருந்தது. அப்படியென்றால் உங்கள் கொட்டிலில், உங்கள் தீவனத்தில், 120 நாளில் உண்டான வித்தியாசம் ஒன்றரை கிலோதான். தலைச்சேரி 8 கிலோ ஏறியிருக்கிறது, நாளுக்கு சுமார் 67 கிராம். கன்னி 6.5 கிலோ, நாளுக்கு 54 கிராம். கண்ணுக்குத் தெரிவது 6 கிலோ. இனத்தின் மேல் நீங்கள் ஏற்றக்கூடியது அதிகபட்சம் இந்த 13 கிராம். அதிலும் பாதிக்கு வேறு காரணம் இருக்கலாம்.

அந்த 4.5 கிலோ எங்கிருந்து வந்தது? கன்னி, கொடி, சேலம் கருப்பு, தலைச்சேரி எல்லாமே பிறக்கும்போது ஏறக்குறைய 2 முதல் 2.5 கிலோதான். ஜமுனாபாரி என்றால் பிறப்பிலேயே 3 கிலோவைத் தாண்டும், வங்கக் கருப்பு ஒன்றரைக்குள் நிற்கும். அங்கே இன வித்தியாசம் பிறந்த அன்றே தெரியும். உங்கள் இரண்டும் ஒரே கோட்டில் தொடங்குபவை. மூன்று மாதத்தில் ஒன்று 6.5, இன்னொன்று 11 என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது வயதை. ஏறக்குறைய ஒரு வயது வரை எல்லாக் குட்டிக்கும் முன்பல் பால் பல்தான். அந்த முன்பல்லைப் பார்த்து மூன்று மாதமா ஐந்து மாதமா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. உங்களிடம் இருப்பது வியாபாரியின் வார்த்தை மட்டும்.

அடுத்தது பால். கன்னிக் குட்டிகள் நான்கும் இரட்டை. முதல் மூன்று மாதம் குட்டியின் எடை தாயின் மடியைப் பொறுத்தது, ஒற்றைக் குட்டிக்கு மடி முழுக்கச் சொந்தம். காலையில் கொட்டிலில் உட்கார்ந்து பாருங்கள்: இரட்டையில் ஒன்று முட்டி முட்டிக் குடிக்கும், மற்றது பின்காலுக்கு இடையில் தலையை நுழைத்து, காம்பு கிடைக்காமல் தாயின் தொடை மயிரைச் சப்பிக்கொண்டு நிற்கும். அந்த இரண்டாவது குட்டியின் இளைப்பை இனத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம். போதாததற்கு உங்கள் கன்னியில் பாதி பெட்டை, தலைச்சேரி முழுக்கக் கிடா. ஒரே ஈற்றில் பிறந்தாலும் கிடா கொஞ்சம் கூடுதலாகத்தான் ஏறும்.

இன்னொன்றும் உண்டு. சந்தைக் குட்டி பசியோடும் குடற்புழுவோடும் வரும். புழு நீக்கி வயிறார வைத்தால் முதல் மாதம் வேகமாகத் தேறும். அது இழந்ததை மீட்பது. அந்த வேகம் நீடிக்காது.

தலைச்சேரியை நான் குறைத்துப் பேசவில்லை. மலபார் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்த இனம், அடைத்து வைத்துத் தழையும் அடர்தீவனமும் கொடுத்தால் நன்றாகவே கறி ஏற்றும், இரட்டையும் ஈனும். ஆனால் கன்னி உங்கள் கரிசல் காட்டுக்கே பிறந்தது. மானாவாரிக் காட்டில் நாள் முழுக்க நடந்து, உடைமர நெற்றும் வேலித்தழையும் கடித்து வளரும். மேய்ச்சலுக்கு விடும் எண்ணம் இருந்தால், கொட்டிலில் எடுத்த எடை உங்களுக்குப் பாதிப் பதில்தான்.

கணக்கைக் குட்டிக்குப் போடாமல் தாய்க்குப் போடுங்கள். உங்கள் இரண்டு கன்னித் தாய்கள் ஏழு மாதத்தில் 52 கிலோ உயிர் எடை கொடுத்திருக்கின்றன, தாய்க்கு 26. ஒற்றைக் குட்டி போடும் தாய் 19 கிலோக் குட்டி கொடுத்தாலும் இதை எட்டாது. இரண்டு குட்டிக்கும் தீவனச் செலவு உண்டு, அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இடையில் செத்த குட்டியையும் சேர்த்து எழுதுங்கள். வளர்ந்தவற்றை மட்டும் சராசரி போட்டால் எந்த இனமும் நல்ல இனமாகத் தெரியும்.

முடிவெடுக்க, சினையான இரண்டு தலைச்சேரிப் பெட்டைகள் வாங்குங்கள், கூடுமானவரை உங்கள் கன்னிகளோடு ஒரே பருவத்தில் ஈனும்படி. குட்டி பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் எடை, பிறகு 3, 6, 9 மாதங்களில். காலையில் மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் முன்னால் போடுங்கள், நிறைந்த வயிறு எடையைக் கூட்டிக் காட்டும். தொங்கு தராசில் சாக்கைத் தொட்டிலாகக் கட்டிக் குட்டியை உட்கார வைத்து, அது துள்ளி அடங்கும்வரை பொறுத்துப் படியுங்கள். சாக்கின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். காதில் எண் வில்லை, நோட்டில் பிறந்த தேதி, கிடாவா பெட்டையா, ஒற்றையா இரட்டையா, தாய்க்கு எத்தனையாவது ஈற்று. பிறகு கிடாவை கிடாவோடும், இரட்டையை இரட்டையோடும் ஒப்பிடுங்கள்.

இப்போது பணம் தேவையென்றால் முதலில் தலைச்சேரிக் கிடாக்களை விலை பேசுங்கள். கன்னிப் பெட்டைகள் இரண்டும் கொட்டிலில் இருக்கட்டும்.