எதையும் தொடாமலேயே பெகாசஸ் கைப்பேசிக்குள் நுழையுமா?

மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடும் நீங்கள், எந்த இணைப்பையும் தொடாதவரின் கைப்பேசிக்குள்ளும் உளவு மென்பொருள் நுழையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நுழையும். 2019இல், வாட்ஸ்அப் அழைப்பு ஒன்று வந்தாலே போதும், அதை எடுக்காவிட்டாலும்கூட, செயலியிலிருந்த குறையின் வழியே இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் உருவாக்கிய பெகாசஸ் உள்ளே இறங்கியது. திரையில் நீங்கள் படிக்கும் நிலையிலேயே செய்தியை எடுத்துவிடுவதால், செய்தியை வழியில் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்கம் இதனிடம் பயன்படாது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதும் சாட்சியின் ஊரும் அப்படியே போய்விடும் என்பதுதான் என் கவலை.

இயங்குதளப் புதுப்பிப்பை வந்த அன்றே நிறுவுங்கள். ஐபோன் என்றால், 2022இல் வந்த லாக்டவுன் மோடை, அதாவது இத்தகைய தாக்குதல்களுக்கு எதிரான கடும் பாதுகாப்பு நிலையை, இயக்குங்கள். சில வசதிகள் குறையும், உங்கள் தொழிலுக்கு அது தாங்கத்தக்கதே. நாள்தோறும் கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்குவதும் ஓரளவு உதவும். சந்தேகம் வந்தால் டவுன்ஹால் ரோட்டுக் கடையில் கொடுத்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள்; தடயமும் சேர்ந்து அழிந்துவிடும்.